நடுக்கடல் மேல்நீரில் சத்து அளப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கையுறை போடுவதையும் போத்தலை அமிலத்தில் ஊறவைத்துக் கழுவுவதையும் எல்லா ஆய்வகங்களிலும் சொல்லித் தருகிறார்கள். புதிதாக வருபவர்கள் திரும்பத் திரும்ப விழும் குழி வேறு.

அட்டவணையில் '0' எழுதுவது

ஹவாயின் ஓவாஹு தீவுக்கு வடக்கே சுமார் 100 கி.மீ. தொலைவில் இருக்கிறது அலோஹா நிலையம். 1988 முதல் ஏறக்குறைய மாதந்தோறும் அங்கே நீர் எடுக்கிறார்கள். மேல்நீரில் பாசிகளின் நைட்ரஜன் சத்தான நைட்ரேட் பெரும்பாலும் 10 நானோமோலாருக்கும் கீழே (ஒரு நானோமோலார் என்பது லிட்டருக்கு ஒரு மோலில் நூறு கோடியில் ஒரு பங்கு). சத்தை நிறமாற்றத்தால் அளக்கும் வழக்கமான ஆட்டோ அனலைசருக்கு அது தெரியாது. தெரியாததை '0' என்று எழுதி, 'இந்த நீரில் சத்து இல்லை, அதனால் உற்பத்தியும் இல்லை' என்று முடிவு கட்டும் ஆய்வேடுகளைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

கல்லாவில் மிச்சமில்லை என்றால் வியாபாரமே நடக்கவில்லை என்றா அர்த்தம்? இங்கே மிதவைப் பாசிகள் உறிஞ்சும் நைட்ரஜனில் பெரும்பகுதி, அவற்றை மேயும் நுண்ணுயிரிகள் கழித்துவிடும் அம்மோனியமும் யூரியாவும்தான். வந்த வேகத்தில் உறிஞ்சப்படுவதால் நீரில் தேங்குவதில்லை. அங்கு மண்டிக் கிடக்கும் புரோக்ளோரோகாக்கஸ் என்னும் நுண்ணிய நீலப்பச்சைப் பாசியின் பல வகைகளுக்கு நைட்ரேட்டைப் பயன்படுத்தவே தெரியாது. புதிதாகச் சேரும் நைட்ரஜனிலும் கணிசமான பங்கு ஆழ்நீரிலிருந்து வருவதில்லை. ட்ரைக்கோடெஸ்மியம் போன்ற நீலப்பச்சைப் பாசிகள் நீரில் கரைந்த நைட்ரஜன் வாயுவை நிலைப்படுத்தித் தருவது அது.

பாசிகள் நைட்ரேட்டை உறிஞ்சும் வேகத்தை அளக்கும் அடுத்த சோதனையையும் அந்த '0' கெடுக்கும். 5 நானோமோலார் நைட்ரேட் உள்ள நீரில், அடையாளத்துக்காக 15-நைட்ரஜன் என்னும் கனமான ஐசோடோப்பு ஏற்றிய நைட்ரேட்டை 100 நானோமோலார் ஊற்றினால் செறிவு 21 மடங்காகிவிடும். காய்ந்து கிடந்த செல்கள் பாய்ந்து உறிஞ்சும். அந்த வேகம் கடலின் வேகம் அல்ல. முதலில், வேதிவினையில் எழும் ஒளியை அளக்கும் கெமிலூமினசென்ஸ் முறையில் இருப்பை அளந்துகொள்ளுங்கள். சேர்ப்பது அதில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அவ்வளவு குறைத்தால் ஐசோடோப்பை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் சிக்னல் கிடைக்காதென்றால், கிடைத்த எண்ணை 'உறிஞ்சும் திறன்' என்றே குறிப்பிடுங்கள். அட்டவணையில் '0' வேண்டாம்; உங்கள் கருவியின் கண்டறியும் வரம்பை எழுதி, அதற்குக் கீழே என்று போடுங்கள்.

வடிகட்டும்போது அவசரம்

வெற்றிடத்தைக் கூட்டினால் செல் உடைந்து அம்மோனியம் கசியும். 100 மி.மீ. பாதரசத்துக்குள் வைத்திருங்கள்.

ரெட்ஃபீல்டு விகிதம்

மிதவை உயிரிகளில் கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் அணுக்களின் விகிதமான 106:16:1 ஒரு சராசரி. உங்கள் ஒற்றை மாதிரி அதற்குக் கட்டுப்படாது.

உறையவைக்கும் போத்தல்

கழுத்து வரை நிரப்பாதீர்கள். நன்னீர் முதலில் உறையும். சத்து செறிந்த உப்புநீர் மூடி வழியே வெளியேறிவிடும்.