கன்று போட்ட மாட்டின் அசையை எண்ணுங்கள்

எங்கள் தொழுவத்தில் நான்கு கலப்பின ஜெர்சி மாடுகள். அதில் செவலை தன் மூன்றாவது ஈத்தில் ராத்திரி எட்டு மணிக்கு நல்லபடியாகக் கன்று போட்டது. விடிந்து பார்த்தால் பின்கால் லேசாகத் தள்ளாடியது. ஈன்ற அலுப்பு என்று விட்டுவிட்டேன். மதியம் படுத்த மாடு எழவில்லை. கழுத்தை விலாப்பக்கம் மடித்துக்கொண்டு கிடந்தது; காதைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது. பால் காய்ச்சல். பேர்தான் காய்ச்சல், ரத்தத்தில் கால்சியம் இறங்குவதால் உடம்பு குளிர்ந்துதான் போகும். டாக்டர் வந்து நரம்பில் மெதுவாகக் கால்சியம் ஏற்றியதும் எழுந்துவிட்டது. காலையில் தள்ளாடியபோதே கூப்பிட்டிருக்க வேண்டும்.

அன்றிலிருந்து ஈனுவதற்கு இரண்டு வாரம் முன்பே நோட்டு போட்டுவிடுகிறேன். அந்த மாட்டுக்கு எது வழக்கம் என்று தெரிந்தால்தானே, மாறியது தெரியும்?

முக்கியமாக எழுதுவது அசை. ராத்திரி தீவனம் தின்று படுத்த பிறகு பக்கத்தில் உட்காருங்கள். தொண்டை வழியே ஓர் உருண்டை மேலே ஏறுவது கண்ணுக்கே தெரியும். அப்போதிருந்து விழுங்கும்வரை எத்தனை முறை மெல்கிறது என்று எண்ணுங்கள். செவலை 58, 60 மெல்லும். கறுப்பி 52தான், அதற்கு அதுவே சரி. கன்று போடும் நாளில் அசை குறையும், பயப்பட வேண்டாம். ஓரிரு நாளில் பழைய கணக்குக்கு ஏற வேண்டும். ஏறாமல் 40க்குக் கீழே நின்றாலோ, அசையே போடாமல் ஒதுங்கி நின்றாலோ, பால் குறையும்வரை காத்திருக்காதீர்கள். இடது பக்கம் கடைசி விலாவுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் முஷ்டியை அழுத்தி வையுங்கள். இரண்டு நிமிடத்தில் இரண்டு மூன்று தடவையாவது வயிறு கையைத் தள்ள வேண்டும்.

ஈன்ற பத்து நாளும் காலை, மாலை ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். 101.5 டிகிரி ஃபாரன்ஹீட் ஒட்டி இருந்தால் சரி. 103 தாண்டினால் கருப்பையிலோ மடியிலோ சீழ் பிடிக்கிறதா என்று டாக்டர் பார்க்க வேண்டும். நஞ்சுக்கொடி 12 மணி நேரத்தில் விழாவிட்டாலும் அப்படித்தான். கொடியில் கல்லைக் கட்டித் தொங்கவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம், உள்ளே கிழிந்து புண்ணாகும்.

இரண்டாவது வாரம் வேறு கவனம். அடர்தீவனத்தை முகர்ந்துவிட்டு வைக்கோலை மட்டும் கடித்தால், மூச்சில் பழுத்த பழம் மாதிரி ஓர் இனிப்பு வாடை வந்தால், அது கீட்டோசிஸ்; தின்பது போதாமல் உடம்புக் கொழுப்பு கரைந்து வரும் நோய்.

கழுத்தில் கட்டினால் அசையையும் நடையையும் தானே எண்ணும் பட்டைக் கருவி வந்திருக்கிறது. ஐம்பது மாடு வைத்திருப்பவருக்கு நல்லது. நான்கு மாட்டுக்குக் கண்ணும் நோட்டுமே போதும்.

படுத்துவிட்ட மாட்டுக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள். விழுங்கத் தெம்பில்லாமல் நுரையீரலுக்குள் போய்விடும். பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தால் நெஞ்சின்மேல் நிமிர்த்தி உட்காரவைத்து, இரண்டு பக்கமும் வைக்கோல் மூட்டையை முட்டுக் கொடுங்கள். அப்புறம் கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962க்குப் போன் செய்யுங்கள். நோட்டைக் கையில் வைத்துக்கொண்டே பேசுங்கள், கேட்பதற்கெல்லாம் பதில் அதில் இருக்கும்.