காது ஏன் உடைகிறது? மரத்தில் சிறு விலங்குகள் செதுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கையளவு மரத்துண்டில் முயலோ நாயோ செதுக்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வெறுத்துப்போய் நிறுத்துகிறார்கள். உடல் வந்துவிட்டது, முகமும் வந்துவிட்டது, கடைசி நேரத்தில் காதோ காலோ படக்கென்று ஒடிந்துவிடுகிறது. கை இன்னும் பழகவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். பல சமயம் கையின் மேல் குற்றமே இல்லை. கட்டையில் பென்சிலால் உருவம் வரைந்தபோதே அந்தக் காது உடைவது முடிவாகியிருக்கும்.

மரம் நீளமான நார்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் கட்டு. நாரின் நீளவாக்கில் அதற்கு வலு அதிகம். ஒரு நாருக்கும் அடுத்த நாருக்கும் இடையிலுள்ள பிடிப்பு குறைவு. மெல்லிய கால் ஒன்று நாரோட்டத்தோடு நீளமாகப் போனால் நன்றாக மெலிந்த பிறகும் தாங்கும். அதே கால் நாருக்குக் குறுக்கே அமைந்தால், குட்டையான நார்த்துண்டுகள் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் மிச்சம். விரல் பட்டாலே போய்விடும்.

உடல் எந்தப் பக்கம் நீளமோ அந்தப் பக்கம் நாரை வைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. உடல் தடிமனானது, எப்படி வைத்தாலும் தாங்கும். மெல்லிய உறுப்பு எந்தப் பக்கம் நீள்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். நிற்கும் மான், ஆடு, குதிரைக்கு நார் மேலிருந்து கீழாக ஓட வேண்டும். காதை நிமிர்த்தி உட்கார்ந்த முயலுக்கும் அப்படித்தான். முதலை, பல்லி, மீனுக்கு நீளவாக்கு. யானையில் ஒரு சிக்கல் உண்டு: காலும் தொங்கும் தும்பிக்கையும் செங்குத்து நாருக்கு ஒத்துவரும், முன்னால் நீட்டிய தந்தம் வராது. தந்தத்தைத் தனிக்குச்சியில் செதுக்கித் துளையிட்டுச் செருகுவதே மேல். இதை ஏமாற்று வேலை என்று சொல்பவர்களும் உண்டு. ஒடிந்த தந்தத்தைப் பசை போட்டு ஒட்டுவதைவிட இது நேர்மையான வேலை என்பது என் கருத்து.

இன்னொரு வழி, நீட்டிக்கொண்டிருக்கும் உறுப்பே இல்லாத நிலையைத் தேர்ந்தெடுப்பது. ஜப்பானில் எடோ காலத்தில் (1603–1868) கிமோனோவின் இடைக்கச்சையில் சிறு பைகளைத் தொங்கவிட நெட்சுகே என்ற சின்னஞ்சிறு சிற்பங்களைப் பயன்படுத்தினார்கள். மரத்திலும் தந்தத்திலும் செய்த எலி, புலி, முயல் உருவங்கள் அவற்றில் ஏராளம். பெரும்பாலானவற்றில் கால்கள் மடங்கி, வால் உடலோடு சுருண்டு, மொத்த உருவமும் உள்ளங்கைக்குள் அடங்கும் உருண்டையாக இருக்கும். துணியில் மாட்டக் கூடாது, நடக்கும்போது உடையக் கூடாது என்ற தேவை அந்த வடிவத்தைக் கொடுத்தது. முதல் உருவமாகப் பாயும் சிறுத்தையை எடுப்பவர்கள் இதைக் கவனிக்கலாம். சுருண்டு தூங்கும் பூனை எவ்வளவோ எளிது, பார்க்கவும் நன்றாயிருக்கும். நிற்கும் விலங்குதான் வேண்டுமென்றால், நான்கு கால்களுக்கு நடுவிலுள்ள மரத்தைக் கடைசிவரை விட்டுவையுங்கள். மேல்வேலை முடியும்வரை அது கால்களைத் தாங்கி நிற்கும்.

கிடைத்த கட்டையில் தொடங்குவது அடுத்த தவறு. மரத்தின் கடினத்தை அளக்கும் ஜங்கா சோதனையில் பாஸ்வுட் என்ற மென்மையான மரம் சுமார் 410 பவுண்டு விசை காட்டுகிறது, ஹார்டு மேப்பிள் என்ற கடின மரம் 1,450. கத்தியை மட்டும் வைத்துக்கொண்டு வேலை செய்பவருக்கு இந்த வித்தியாசம் மணிக்கட்டிலேயே தெரியும். பாஸ்வுட், அதன் ஐரோப்பிய உறவான லிண்டன், குமிழ் போன்ற மிதமான மரங்கள் ஏற்றவை. பைன் மென்மையானதுதானே என்று தோன்றும். ஆனால் அதன் வளையங்களில் மெத்தென்ற அடுக்கும் கடினமான அடுக்கும் மாறி மாறி வரும். கத்தி ஒன்றில் வழுக்கி ஓடி அடுத்ததில் முட்டி நிற்கும். கணு உள்ள துண்டு வேண்டாம். அரளி போன்ற நச்சு மரங்களும், இன்னதென்று தெரியாத பழைய பெயின்ட் பூசிய பலகைகளும் வேண்டவே வேண்டாம்.

பச்சை மரம் வெண்ணெய்போல வெட்டுப்படும், அதனால் ஆசை காட்டும். காயும்போது மரம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. வளையங்களின் போக்கில் ஏற்படும் சுருக்கம், மையத்திலிருந்து வெளிநோக்கிய சுருக்கத்தைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. நடுத்தண்டு உள்ளே இருக்கும் உருளைக்கட்டை பிளப்பது இதனால்தான். மெல்லிய கரண்டி இந்தச் சுருக்கத்தைச் சமாளித்துவிடும். கால் மெலிந்தும் வயிறு தடித்தும் இருக்கும் விலங்கில் ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு வேகத்தில் காய்வதால் விரிசல் விழும். காய்ந்த கட்டை கடினமாகத் தோன்றினால், தண்ணீரும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் சம அளவு கலந்து வெட்டும் இடத்தில் தெளித்துப் பாருங்கள். நாரின் வெட்டுமுனைகள் நன்றாக இளகும்.

கத்தி மழுங்கியிருப்பது தெரியாமலே பலர் மரத்தைக் குறை சொல்கிறார்கள். நாருக்குக் குறுக்கே ஒரு சீவல் எடுத்துப் பாருங்கள். வெட்டிய இடம் பளபளத்தால் கூர் சரி. வெளிறி நொறுங்கியிருந்தால் கூர் போய்விட்டது. ஒற்றைக் கோடுகள் தெரிந்தால் விளிம்பில் எங்கோ பல் விழுந்திருக்கிறது. பல் விழுந்தால் மட்டும் சாணைக்கல். மற்றபடி மெருகுப் பசை தேய்த்த தோல்வாரில் அரைமணிக்கு ஒருமுறை சில இழுப்புகள் போதும். இழுக்கும்போது கூர்விளிம்பு பின்னால் வர வேண்டும், முதுகு முன்னால் போக வேண்டும். இழுப்பின் முடிவில் கத்தியைச் சுழற்றித் தூக்குவது பலருக்கு வழக்கம். அந்தச் சின்னச் சுழற்சியே விளிம்பை உருட்டிவிடும்.

மழுங்கிய கத்தி ஆபத்தும்கூட. கூர் இல்லாததால் அழுத்துவீர்கள், அழுத்தினால் கத்தி எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. ஆழமாக ஒரே வெட்டில் எடுக்கப் பார்க்காமல், முதலில் எல்லையில் செங்குத்தாக ஒரு தடுப்பு வெட்டு போட்டுவிட்டு அதை நோக்கிச் சீவுங்கள். துண்டு வரவில்லை என்றால் கத்தியால் நெம்பாதீர்கள், நுனி முறியும். தடுப்பு வெட்டைத்தான் ஆழமாக்க வேண்டும். மேட்டிலிருந்து பள்ளத்துக்குச் சீவுங்கள். சிம்பு எழும்பினால் நாருக்கு எதிராகப் போகிறீர்கள் என்று அர்த்தம், கட்டையைத் திருப்பிப் பிடியுங்கள். கழுத்துப் பள்ளத்தில் தலைப்பக்கமிருந்தும் முதுகுப்பக்கமிருந்தும் வந்து நடுவில் சந்திக்க வேண்டியிருக்கும்.

கட்டையைப் பிடிக்கும் கையில் வெட்டுத்தடுப்புக் கையுறையும், கத்தி பிடிக்கும் கைக் கட்டைவிரலுக்குத் தோலுறையும் வேண்டும். கையுறை வெட்டைத் தடுக்கும், குத்தைத் தடுக்காது. மடியில் வைத்துச் செதுக்கவே கூடாது. தொடையின் உட்பக்கம் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது.

உருவம் தட்டையாக வருகிறது என்பது அடிக்கடி கேட்கும் புலம்பல். பக்கவாட்டுத் தோற்றத்தை மட்டும் வெட்டியெடுத்து ஓரங்களை உருட்டினால் கிடைப்பது விலங்கு வடிவப் பலகைதான். மேலிருந்து பார்த்தால் நாய்க்குத் தோள் அகலம், இடுப்புக்கு முன் வயிறு ஒடுக்கம், தலை கழுத்தைவிட அகலம். பக்கப்படத்தோடு மேற்படமும் வரைந்து இரண்டையும் வெட்டுங்கள். உருவத்தின் நடுவே வரைந்த கோடு சீவலோடு போய்விடும். போகப்போகத் திரும்ப வரையுங்கள். நாய், பூனை, குதிரையின் பின்னங்காலில் பின்னோக்கி மடங்குவது முழங்கால் என்று பலர் நினைக்கிறார்கள். அது கணுக்கால் மூட்டு. முழங்கால் மேலே, வயிற்றை ஒட்டி முன்னோக்கி இருக்கிறது. இதைத் தவறவிட்டால் எவ்வளவு நுணுக்கம் சேர்த்தாலும் கால் பொம்மைக்காலாகவே தெரியும்.

கண்ணில் தொடங்குவதும் தவறு. தலையின் வடிவம் முடியாமல் கண்ணைச் செதுக்கினால், பிறகு கன்னத்தைச் சரிசெய்ய முடியாது, கண்ணும் சேர்ந்து போய்விடும். தலையைக் கொஞ்சம் பெரிதாகவே விட்டுவைத்துக் கடைசியில் குறைத்துக்கொள்ளலாம்.

உப்புத்தாளை இடையில் எடுக்காதீர்கள். அதன் துகள்கள் நாருக்குள் தங்கி, அடுத்த சீவலிலேயே கத்தியை மழுக்கும். தேய்த்துத்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. ஸ்வீடன் நாட்டு மரச்சிற்பி ஆக்செல் பீட்டர்சன் (1868–1925) கத்தி விட்டுச்சென்ற தட்டைப் பரப்புகளை அப்படியே விட்டு உருவங்கள் செய்து பேர் வாங்கினார். கூரான கத்தியின் தடத்தில் வெளிச்சம் படும் அழகு உப்புத்தாளில் வராது.

கடைசியாக எண்ணெய். ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகும்போது வெப்பம் வெளியிடும். எண்ணெய் நனைந்த துணியைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டால் அந்த வெப்பம் வெளியேற வழியின்றித் தானாகவே தீப்பிடிக்கக்கூடும். துணியை வெளியில் விரித்து முழுக்கக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிறைந்த உலோக டப்பாவில் மூழ்கவைத்து மூடுங்கள்.