ஒப்படைக்காக வாசிப்புகளைத் தொகுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்துக் கோப்பாய் ஆசிரியர் கலாசாலை, அதே ஊரிலுள்ள தேசிய கல்வியியற் கல்லூரி, பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் கல்வி டிப்ளோமா என எங்கே படித்தாலும், தந்த வாசிப்புகளைத் தொகுத்து எழுதும் ஒப்படை வந்தே தீரும்.

அதில் அதிகம் காணப்படும் பிழை, ஆளுக்கொரு பந்தி எழுதுவது. பிள்ளைகளின் கற்றலை ஆராய்ந்த உளவியலாளர்களை எடுத்தால், முதற் பந்தியில் பியாஜே, அடுத்ததில் வைகொட்ஸ்கி, அதற்கடுத்ததில் புரூனர். கடைசியில் "இவர்கள் அனைவரும் பிள்ளைமையக் கற்றலை வலியுறுத்துகின்றனர்" என்று ஒரு வரி. இது மூன்று சுருக்கங்களின் வரிசை, தொகுப்பு அல்ல. குறிப்பெடுத்த விதமே இதற்குக் காரணம். கட்டுரைக்கு ஒரு தாள் என்று குறிப்பெடுத்தவருக்கு, எழுத உட்காரும்போது அந்தத் தாள்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தெழுதத்தான் வரும்.

ஏ4 தாளைக் கிடையாகத் திருப்பி அட்டவணை கீறுங்கள். மேலே எழுதியவர்களின் பெயர்கள், இடப்பக்கம் 3 அல்லது 4 கேள்விகள்: மொழிக்கும் சிந்தனைக்கும் என்ன தொடர்பு, ஆசிரியர் எப்போது தலையிட வேண்டும் என்பன போல. ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு வரி. பக்க எண் கட்டாயம். பிறகு நிரல்வழியே (மேலிருந்து கீழாக) அல்ல, நிரைவழியே (இடமிருந்து வலமாக) எழுதுங்கள். ஒரு கட்டம் வெறுமையாக இருந்தால் வலிந்து நிரப்பவேண்டாம். அவர் அந்தக் கேள்வியைத் தொடவில்லை என்பதும் எழுதத்தக்க செய்திதான்.

எல்லாரையும் ஒரே கருத்துக்குள் அடக்குவதும் பெரும் பிழை. விளையாடும் பிள்ளை தனக்குத்தானே பேசிக்கொள்வதை எடுங்கள். பிறர் நோக்கில் பார்க்கத் தெரியாத பருவத்தின் அடையாளம் அது, சமூகப் பேச்சு வளர மங்கிவிடும் என்பது பியாஜேயின் ஆரம்பகாலக் கருத்து. அது அழிவதில்லை, உள்ளே திரும்பிச் சிந்தனைக்கு உதவும் அகப்பேச்சாகிறது என்கிறார் வைகொட்ஸ்கி. "இருவரும் மொழியின் முக்கியத்துவத்தைக் கூறியுள்ளனர்" என்று எழுதினால் வாசித்ததன் பயனே போய்விடும். இப்படி எழுதலாம்: "பிள்ளையின் தன்பேச்சை இருவரும் கவனித்தனர், பியாஜே அதை முதிராத நிலையாகவும் வைகொட்ஸ்கி சிந்தனையின் கருவியாகவும் கண்டனர். கணக்குச் செய்யும்போது முணுமுணுக்கும் பிள்ளையை அடக்கலாமா என்ற கேள்விக்கு இரண்டாவது நிலைப்பாடே நேரடியாக உதவுகிறது."

சுருக்கம் எழுதும் கட்டத்தில், கோடிட்ட வசனங்களை ஒட்டிச் சொற்களை மட்டும் மாற்றுவது கருத்துத் திருட்டாகவே கொள்ளப்படும். கட்டுரையை மூடிவைத்து, அதன் வாதம், அதற்கான சான்று, அதன் எல்லை ஆகிய மூன்றையும் நினைவிலிருந்து எழுதுங்கள். பிறகு திறந்து சரிபாருங்கள். பத்துப் பக்கக் கட்டுரைக்கு 150 சொற்கள் தாராளமாகப் போதும்.

மூலத்தையும் சான்றையும் விட்டுவிடுவதால் வரும் கேட்டுக்குச் சாரக்கட்டு (பிள்ளை தனியே செய்ய முடியாததைச் செய்யத் தேவையான அளவு உதவுதல்) என்ற கருத்து நல்ல உதாரணம். பாடக்குறிப்பை மட்டும் நம்பி அதை வைகொட்ஸ்கியின் பெயரில் எழுதிவிடுகிறார்கள். அவர் 1934இல் இறந்துவிட்டார். கற்பித்தல் பற்றிய ஆய்வில் அக்கருத்தை 1976இல் முன்வைத்தவர்கள் வூட், புரூனர், ரொஸ் ஆகியோர். பிள்ளை தனியே செய்யக்கூடியதற்கும் உதவியோடு செய்யக்கூடியதற்கும் இடைப்பட்ட பரப்பை வைகொட்ஸ்கி அண்மை விருத்தி வலயம் என்றார்; அதனோடு சாரக்கட்டைப் பிற்காலத்தவர் இணைத்துப் பேசினர். ஒருவரைப் பற்றி இன்னொருவர் சொன்னதை வாசித்தீர்களானால், யாருடைய எழுத்தில் வாசித்தீர்களோ அவரையே சுட்டுங்கள்.

அந்த 1976 ஆய்வில் இருந்தவர்கள் 3, 4, 5 வயதுடைய 30 பிள்ளைகள். மரத்துண்டுகளைப் பொருத்தி அடுக்கும் வேலையில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே உதவி கிடைத்தது. 40 பிள்ளைகள் உள்ள தரம் 8 வகுப்புக்கும் இது பொருந்தும் என்று ஆய்வாளர்கள் நிறுவவில்லை. அப்படிச் சொன்னால் அது உங்கள் வாதம். இரண்டையும் ஒரே வசனத்தில் கலக்கவேண்டாம். ஆய்வின் முடிவை மேற்கோள் குறிப்போடு ஒரு வசனத்தில் முடியுங்கள். உங்கள் வாதத்தை "கற்பித்தற் பயிற்சியில் இதைப் பிரயோகிக்கும்போது" என்று புதிய வசனத்தில் தொடங்கி, குழுக்களாகப் பிரித்து உதவுவதா, பாடத்தில் முன்னிற்கும் மாணவரைக் கொண்டு உதவுவதா என்பதைக் காரணத்தோடு எழுதுங்கள்.