"ஒண்டும் இல்லை டொக்டர்": ஒப்பரேஷனுக்கு முதல் நாம் செய்கிற பிழைகள்

ஒப்பரேஷன் என்றதும் வெட்டப்போகிற டொக்டர் யார், கைராசியானவரா என்று ஊரெல்லாம் விசாரிப்போம். மயக்க மருந்து தரப்போகிறவர் யார் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. தியேட்டருக்குள் உங்கள் மூச்சையும் பிரஷரையும் இதயத் துடிப்பையும் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டு நிற்பவர் அவர்தான். அவர் முதல் நாள் வாட்டுக்கு வந்து, வேறு வருத்தம் இருக்கிறதா, என்ன மருந்து எடுக்கிறீர்கள், முதல் எப்போதாவது மயக்கினார்களா என்று கேட்கும்போது நம்முடைய சனம் சொல்கிற பதில், யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரியோ பருத்தித்துறையோ தெல்லிப்பளையோ பிரைவேட்டோ, ஒன்றுதான்: "ஒண்டும் இல்லை டொக்டர்." வில்லங்கம் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் சாப்பாடு. மயக்கத்தில் இருக்கிற ஆளுக்கு இருமல் வராது, விழுங்கவும் மாட்டார். வயிற்றில் கிடப்பது தொண்டைக்கு ஏறினால் நேரே சுவாசப்பைக்குள் இறங்கிவிடும், கூடவே வயிற்று அமிலமும் போய் உள்ளே புண்ணாக்கும். பிரசவத்துக்கு மயக்கிய தாய்மாரில் இது நடப்பதை மென்டல்சன் என்ற அமெரிக்க வைத்தியர் 1946 இலேயே விவரமாக எழுதிவிட்டார். பொதுவான கணக்கு இதுதான்: சாப்பாடும் பால் சேர்ந்த எதுவும் 6 மணித்தியாலத்துக்கு முன்னர் நிற்க வேண்டும், தாய்ப்பால் 4 மணித்தியாலம், தண்ணீரும் வெறும் தேத்தண்ணியும் 2 மணித்தியாலம். பால் தேத்தண்ணியைச் சாப்பாட்டுக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும், "தேத்தண்ணி மட்டும்தான் குடிச்சவர்" என்று சொல்பவர்கள் இதைக் கவனியுங்கள். கொழுப்பான சாப்பாடு வயிற்றை விட்டு இறங்க இன்னும் நேரம் பிடிக்கும், ஆகவே நாளைக்கு ஒப்பரேஷன், இன்றைக்கு நல்லாய்ச் சாப்பிடட்டும் என்று இரவு பத்து மணிக்கு ஆட்டிறைச்சிக் கறியோடு பிட்டு கொடுப்பது அன்பாக இருக்கலாம், உதவியாக இராது.

பெரிய பிரச்சினை பஞ்சாமிர்தம். விடியக் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு அம்மம்மா வாட்டுக்கு வருவார், திருநீறு பூசுவார், பிறகு ஒரு கரண்டி பஞ்சாமிர்தத்தை வாயில் வைப்பார். "சாமிக்குப் படைச்சது, ஒண்டும் செய்யாது." வாழைப்பழமும் சர்க்கரையும் தேனும் சேர்ந்தது சாப்பாடுதான். திருநீறு தாராளமாகப் பூசலாம், மற்றதை ஒப்பரேஷன் முடிந்து டொக்டர் சாப்பிடச் சொன்ன பிறகு கொடுக்கலாம், முருகன் கோபிக்க மாட்டார். அப்படியும் வாயில் போட்டுவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள், சில மணித்தியாலம் பிந்தும், அவ்வளவுதான். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே விறைக்கப் பண்ணுகிற ஒப்பரேஷனுக்கும் வெறும் வயிறு வேண்டும். விறைப்பு போதாவிட்டால் இடையில் முழு மயக்கத்துக்கு மாற வேண்டி வரலாம்.

இதற்கு எதிர்ப்பக்கப் பிழையும் இருக்கிறது. சஷ்டி விரதம் பிடித்துப் பழகிய ஊர் இது, அதனால் முதல் நாள் பின்னேரத்தோடேயே வாயைக் கட்டிவிடுகிறார்கள். பின்னேர லிஸ்ட்டில் இருக்கிற வயதான ஆள் பச்சைத் தண்ணீர்கூட இல்லாமல் அவ்வளவு நேரமும் கிடந்தால் உடம்பில் நீர் வற்றி, மயக்கும்போது பிரஷர் சட்டென்று விழும், சின்னப் பிள்ளை என்றால் இன்னும் கஷ்டம். தண்ணீர் எத்தனை மணி வரை குடிக்கலாம் என்று தாதியிடம் கேட்டு அதன்படி செய்யுங்கள்.

அடுத்தது மருந்து. "பிரஷருக்கு ஒரு சின்ன வெள்ளைக் குளிசை" என்றால் எந்த டொக்டருக்கும் விளங்காது. கிளினிக் கொப்பியையும் குளிசை மட்டைகளையும் அப்படியே பையில் போட்டுக்கொண்டு போங்கள். எல்லாவற்றையும் நிறுத்துவதும் பிழை, எல்லாவற்றையும் விழுங்குவதும் பிழை. பிரஷர் குளிசைகளில் அட்டெனலோல் போன்றவற்றை வழக்கமாகத் தொடரச் சொல்வார்கள், லொசாட்டனை அன்று காலையில் விடச் சொல்வது உண்டு. சீனி வருத்தத்துக்கு எம்பாகிளிஃப்ளோசின் எடுப்பவர்கள் 3 நாளைக்கு முன்னரே நிறுத்த வேண்டியிருக்கும், ஏனென்றால் சீனி அளவு பெரிதாக ஏறாமலே இரத்தத்தில் அமிலம் கூடிவிடலாம். குளோபிடோகிரல், வார்பரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் குளிசைகள் நாட்கணக்கில் திட்டமிட வேண்டியவை, அவற்றை நீங்களாக விடவும் கூடாது, சொல்லாமல் விழுங்கவும் கூடாது. இழுப்பு மருந்து பாவிப்பவர்கள் அதைக் கையோடு கொண்டுபோங்கள். சித்த மருந்து, கசாயம், கடையில் வாங்குகிற உள்ளிக் குளிசை எல்லாவற்றையும் சொல்லுங்கள். சொன்னால் ஏச்சு விழுமோ என்று பயப்பட வேண்டாம், ஒரு நிமிஷ ஏச்சுத்தானே.

இனி, மறைக்கிற விஷயங்கள். இதில்தான் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. கனடாவில் இருந்து மகன் இரண்டு கிழமை லீவில் வந்து நிற்கிறார், நாள் பார்த்தாயிற்று, அதற்காகப் பிள்ளைக்குச் சளியும் காய்ச்சலும் இருப்பதை மறைக்கிறார்கள். சளி பிடித்த பிள்ளையின் சுவாசக் குழாய் மயக்கும்போது சட்டென்று இறுகக்கூடும், சளி விட்டுச் சில கிழமைகள் வரைக்கும் அந்தப் பயம் இருக்கும். விமான ரிக்கெற்றை மாற்றலாம்.

அப்புறம் குடி. அப்பாவைக் கேட்கிற கேள்விக்கு மகள் பதில் சொல்வார்: "இல்லை டொக்டர், எப்பவாவது விசேஷத்துக்கு." அப்பா பக்கத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். தினம் கள்ளோ சாராயமோ குடித்த ஆளுக்கு மயக்க மருந்தின் அளவே மாறலாம். அதை விட, ஒப்பரேஷன் முடிந்து இரண்டாம் மூன்றாம் நாள் கை நடுங்கி, இல்லாத பூச்சியைச் சுவரில் தட்டி, சேலைன் வயரைப் பிடுங்கிக்கொண்டு கட்டிலால் இறங்கப் பார்ப்பார். வீட்டுக்காரர் மயக்க மருந்து மூளையைக் குழப்பிவிட்டது என்பார்கள். அது குடி சட்டென்று நின்றதால் வருவது, முன்னரே சொல்லியிருந்தால் அதற்கு மருந்து தொடங்கியிருப்பார்கள். சுருட்டும் அப்படித்தான், "சிகரெட் இல்லைத்தானே" என்ற நியாயம் சுவாசப்பைக்குத் தெரியாது. சில கிழமைக்கு முன்னர் விட்டால் நல்லது, கடைசி ஒரு நாள் விட்டாலும் இரத்தத்தில் உள்ள காபன் மொனொக்சைட் இறங்கும். பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு ஆளிடம் தனியாகக் கேட்டால் உண்மை வரும், டொக்டர்மாருக்கும் இது தெரியும்.

நம்முடைய பக்கத்துக்கே உரிய சில விஷயங்களும் உண்டு. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் மருந்தடிக்கிற ஆட்கள் அதைச் சொல்ல வேண்டும். சில வகைப் பூச்சிமருந்துகள் இரத்தத்தில் உள்ள ஒரு நொதியத்தைக் குறைத்துவிடும், தசையைத் தளர்த்தப் போடுகிற ஓர் ஊசியைக் கரைப்பது அந்த நொதியம்தான். அது குறைந்தால் தானாக மூச்சு விட நேரமெடுக்கும். அதே குறைபாடு பரம்பரையாகவும் வரும், மச்சான் மச்சாள் கலியாணம் நடந்த குடும்பங்களில் வெளிப்பட வாய்ப்புக் கூட. "சித்தப்பாவை ஒப்பரேஷனுக்குப் பிறகு நெடுநேரம் மெஷினிலதான் வச்சிருந்தவை" என்ற பழைய கதை உங்கள் வீட்டில் இருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். சண்டைக் காலத்தில் செல் துண்டு பட்டு முதுகுப் பக்கம் இன்னும் உள்ளே கிடக்கிறதா, சொல்லுங்கள், முதுகில் ஊசி போடலாமா என்று அவர்கள் யோசிக்க வேண்டும். அந்தக் காலத்தில் செய்த ஒப்பரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் தந்த துண்டு இடம்பெயர்வில் தொலைந்திருக்கும், தழும்பைக் காட்டினாலே போதும்.

ஆடுகிற பல்லையும் கட்டுப்பல்லையும் முதலே சொல்லிவிடுங்கள். நகத்தில் கியூடெக்ஸ், கறுத்த மருதாணி வேண்டாம், விரலில் கொழுவுகிற சின்னக் கிளிப் நகத்துக்குள்ளால் ஒளியை விட்டுத்தான் ஒட்சிசனை அளக்கிறது. பெயர் என்ன, எந்தப் பக்கம் ஒப்பரேஷன் என்று திரும்பத் திரும்பக் கேட்டால் எரிச்சல்படாதீர்கள், உலக சுகாதார நிறுவனம் 2008 இல் கொண்டுவந்த சரிபார்ப்புப் பட்டியலில் அது ஒரு பகுதி.

முடிந்த பிறகு? அன்றே வீட்டுக்கு விட்டால் 24 மணித்தியாலத்துக்கு மோட்டார் சைக்கிள் ஓடக் கூடாது, காணி உறுதியில் கையெழுத்து வைக்கக் கூடாது. முதுகில் போட்ட ஊசியால்தான் காலம் முழுக்க நாரி நோவு என்பது பரவலான நம்பிக்கை, ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. ஆனால் எழும்பி இருந்தால் மண்டை பிளந்து, படுத்தால் குறைகிற தலையிடி முதல் சில நாட்களுக்குள் வந்தால் அது அந்த ஊசியால் வரக்கூடியது. பனடோலை விழுங்கிக்கொண்டு வீட்டில் கிடக்காமல் அதே ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போங்கள், அதற்கு வைத்தியம் இருக்கிறது. துண்டு வெட்டி வீட்டுக்கு விடும்போது, மயக்கியதில் ஏதும் சிக்கல் வந்ததா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளவில்லையா என்று கேட்டு எழுதி வாங்கி, போனிலும் ஒரு படம் எடுத்து வைத்திருங்கள்.