வீடற்றோர் கணக்கெடுப்புக்குப் போகிறீர்களா? "வீடு இருக்கா?" என்று கேட்காதீர்கள்

திருநெல்வேலியில் வீடற்றோர் கணக்கெடுப்புக்குத் தன்னார்வலராகப் போகிறவர்கள் பலரும் முதல் கேள்வியிலேயே கோட்டை விடுகிறார்கள். "உங்களுக்கு வீடு இருக்கா?" என்று கேட்டால், "இருக்கே, அம்பாசமுத்திரம் பக்கம்" என்று பதில் வரும். அந்த வீட்டில் அண்ணன் மகன் குடும்பம் இருக்கும். இவர் அங்கே தலை சாய்த்துப் பல வருஷம் ஆகியிருக்கும். வீடில்லை என்று முன்பின் தெரியாத ஆளிடம் யார் வாய்விட்டுச் சொல்வார்கள்? "அண்ணாச்சி, நேத்து ராத்திரி எங்க படுத்திய? அதுக்கு முந்துன நாளு?" என்று கேளுங்கள். "ஜங்ஷன் பக்கம், மழை வந்தா பாலத்துக்கு அடியில" என்று வந்தால் வேண்டிய விவரம் கிடைத்துவிட்டது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் சாலையோரம், பாலத்தடி, கோயில் மண்டபம், ரயில்வே பிளாட்பாரம் என்று ஆள் எங்கே தங்குகிறார் என்பதைத்தான் பார்க்கிறது. ஊரில் யார் பேரில் பட்டா இருக்கிறது என்பது அதற்குத் தேவையில்லை.

அப்புறம், பார்த்த மாத்திரத்தில் முடிவு கட்டுவது. அழுக்கு வேட்டியும் பக்கத்தில் ஒரு மூட்டையும் இருந்தால் உடனே படிவத்தில் ஏற்றிவிடுகிறார்கள். பச்சை வேட்டி கட்டித் திருச்செந்தூருக்கு நடந்து போகிறவர்களும் வழியில் மண்டபத்தில் படுப்பார்கள். ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி வளாகத்தில் துண்டை விரித்திருப்பவர் வார்டில் இருக்கும் மனைவிக்குத் துணையாக வந்தவராக இருக்கலாம். ஆனால் சலவைச் சட்டையோடு ஹோட்டலில் டேபிள் துடைத்துவிட்டு, கடை அடைத்தபின் ரதவீதியில் ஒரு படிக்கட்டில் படுக்கிறவர் கணக்கிலேயே வரமாட்டார். ஆகவே ராத்திரிதான் போக வேண்டும். 2011-இல் வீடற்றோரை பிப்ரவரி 28 அன்று ஒரே இரவில்தான் எண்ணினார்கள். பகலில் ஆட்கள் இடம் மாறிக்கொண்டே இருப்பார்கள், ஒருவரே இரண்டு இடத்தில் பதிவாகிவிடுவார்.

அதற்காக நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டு முகத்தில் டார்ச் அடிக்காதீர்கள். பிச்சைத் தடுப்புச் சட்டம் 1945-லிருந்தே இங்கே உண்டு, பிடித்து வேனில் ஏற்றிவிடுவார்கள் என்ற அவர்களின் பயம் வீண்பயம் அல்ல. இரண்டு பேர் போதும், பெண்களிடம் பெண்களே பேசட்டும். தூங்குபவரை எழுப்ப வேண்டாம். எடுத்த எடுப்பில் ஆதார் கேட்பதும் வேண்டாம். போட்டோ கூடவே கூடாது, ஸ்டேட்டஸ் போடுவதற்கு வேறு விஷயம் பாருங்கள்.

சாப்பாட்டுப் பொட்டலம் கொடுப்பதென்றால் பேசி முடித்தபின் கொடுங்கள். முதலிலேயே கொடுத்தால், பொட்டலத்தைத் திரும்ப வாங்கிவிடக் கூடாதே என்று நீங்கள் விரும்பும் பதிலைச் சொல்வார்கள். மனநலம் குன்றியவராகத் தெரிந்தால் கேள்வியை நிறுத்திவிட்டு மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். அப்படித் திரிபவர்களைப் பாதுகாப்பில் எடுக்கும் பொறுப்பை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் காவல் நிலையத்துக்குக் கொடுத்திருக்கிறது.

கடைசியாக, காப்பகத்தில் இடம் வாங்கித் தருகிறேன் என்று வாக்குறுதி கொடுத்துவிடாதீர்கள். நகரத்தில் லட்சம் பேருக்கு, 100 பேர் தங்கும் ஒரு காப்பகம் வேண்டும் என்பது தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் வகுத்த அளவுகோல். 2011 கணக்குப்படி திருநெல்வேலி மாநகராட்சியில் 4.73 லட்சம் பேர், அதாவது நாலைந்து காப்பகம் வேண்டும். அளவுகோல் இருப்பதால் இன்று ராத்திரி பாய் காலியாக இருக்கும் என்று அர்த்தமில்லை. எந்தக் காப்பகத்தில் இடம் இருக்கிறது, எதில் பெண்களைச் சேர்ப்பார்கள், புருஷன் பெண்டாட்டி சேர்ந்து தங்க விடுவார்களா என்பதையெல்லாம் கிளம்பும் முன்பே கேட்டு, படிவத்தின் பின்பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.