டேஷ்போர்டில் புதிய சுவிட்ச் பொருத்துவது எப்படி?

காரில் ஃபாக் லைட், காலடி விளக்கு போன்ற கூடுதல் கருவிகளுக்குச் சொந்தமாகச் சுவிட்ச் வைக்க விரும்புபவர்கள், டேஷ்போர்டில் துளையிடுவதற்குத்தான் பெரும்பாலும் அஞ்சுகிறார்கள். கோணலாக விழுந்த துளை கண்ணை உறுத்துமே தவிர வேறு தீங்கு செய்யாது. ஃபியூஸ் இல்லாமல் இழுத்த ஒயரோ, பேனலுக்குப் பின்னால் யாருக்கும் தெரியாமல் சூடேறி வண்டியையே எரித்துவிடக்கூடும். அதனால்தான் இந்த விளக்கத்தில் துளைக்குக் குறைவான இடமும் ஒயருக்கு அதிக இடமும் கொடுத்திருக்கிறேன்.

படி 1: மின்னோட்டத்தைக் கணக்கிடுங்கள்

கருவியின் வாட் அளவை 12 வோல்ட்டால் வகுத்தால், அது இழுக்கும் மின்னோட்டம் ஆம்பியரில் கிடைக்கும். 55 வாட் ஃபாக் லைட்டுகள் இரண்டு என்றால் மொத்தம் 110 வாட். அதாவது ஏறத்தாழ 9.2 ஆம்பியர். இதில் கால் பங்கைக் கூட்டினால் 11.5 வரும் என்பதால், அதற்கு அடுத்த அளவான 15 ஆம்பியர் ஃபியூஸ், அதாவது நீல நிறத்தது, பொருந்தும். ஃபியூஸ் கருவியைக் காப்பதற்காக வைக்கப்படுவதன்று. ஒயரைக் காப்பதற்காக வைக்கப்படுவது. ஆகவே ஒயர் தாங்கும் அளவைவிட ஃபியூஸின் அளவு ஒருபோதும் கூடுதலாக இருக்கக் கூடாது. இந்த எடுத்துக்காட்டுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போதுமானது. ஃபியூஸ் அடிக்கடி எரிகிறது என்பதற்காகப் பெரிய ஃபியூஸைச் செருகுவது, பழுதைச் சரிசெய்யாமல் காவலை மட்டும் விலக்குவதாகும்.

படி 2: ரிலே தேவையா என்று முடிவு செய்யுங்கள்

காலடி எல்இடி விளக்கு அரை ஆம்பியரைக்கூட இழுக்காது என்பதால், அதை நேரடியாகச் சுவிட்ச் வழியே இணைக்கலாம். ஃபாக் லைட், ஹாரன், காற்றடிக்கும் பம்ப் போன்றவற்றுக்கு ரிலே, அதாவது சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் மின்காந்தச் சுவிட்ச், வைப்பதே முறை. ரிலேயின் சுருள் இழுப்பது 0.2 ஆம்பியருக்கும் குறைவே. ஆகவே டேஷ்போர்டுக்குள் மெல்லிய ஒயர் மட்டும் வந்தால் போதும், பெரிய மின்னோட்டம் என்ஜின் அறையிலேயே நின்றுவிடும்.

ரிலேயின் அடியில் உள்ள எண்களை வைத்துத்தான் இணைக்க வேண்டும். 30 என்ற முனைக்குப் பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஃபியூஸ் வழியாக ஒயர் வரும். 87 விளக்குக்குப் போகும். 86 சுவிட்சிலிருந்து வரும். 85 எர்த்துக்கு, அதாவது வண்டியின் உலோக உடலுக்குப் போகும். நடுவில் 87ஏ என்று ஐந்தாவது முனை இருந்தால், ரிலே அணைந்திருக்கும்போது அதில் மின்சாரம் இருக்கும் என்பதால், அதில் எதையும் இணைக்காமல் காப்பு உறை போட்டு மூடிவிடுங்கள். முதன்மை ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். அதற்கு முன்னால் உள்ள ஒயருக்குப் பாதுகாப்பே இல்லாததால், அந்தத் துண்டு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

படி 3: சுவிட்சுக்கு மின்சாரம் எடுங்கள்

சாவியைத் திருப்பினால் மட்டும் உயிர்பெறும் ஃபியூஸ் ஒன்றை மல்டிமீட்டரால் கண்டுபிடித்து, அதிலிருந்து சுவிட்சுக்கு மின்சாரம் எடுத்தால், விளக்கை அணைக்க மறந்து இறங்கினாலும் பேட்டரி வடிந்துபோகாது. பல கார்களில் சிகரெட் லைட்டர் சாக்கெட்டின் ஃபியூஸ் இதற்குத் தோதானது. ஏர்பேக், ஏபிஎஸ், என்ஜின் கணினி ஆகியவற்றின் ஃபியூஸ்களைத் தொடவே வேண்டாம். ஒயரைச் சீவி ஒட்டுவதைவிட, ஃபியூஸ் இருக்கும் குழியிலேயே செருகும் ஃபியூஸ் டேப் என்ற சிறு கருவி பாதுகாப்பானது. பழைய ஃபியூஸைக் கழற்றியதும் குழியின் எந்தப் பக்கம் மின்சாரம் காட்டுகிறது என்று பார்த்து, டேப்பில் செருகும் பழைய ஃபியூஸும் சுவிட்சுக்கான புதிய ஃபியூஸும் அந்தப் பக்கத்திலிருந்தே தனித்தனியாக மின்சாரம் பெறும்படி டேப்பைத் திருப்பிச் செருகுங்கள். திசை மாறினாலும் சுவிட்ச் வேலை செய்யும். ஆனால் புதிய சுற்றின் சுமையையும் பழைய ஃபியூஸே தாங்க வேண்டியிருக்கும்.

படி 4: பேட்டரியைப் பிரித்துவிட்டு ஒயரை இழுங்கள்

பேனல்களைக் கழற்றும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, சில நிமிடங்கள் காத்திருங்கள். மஞ்சள் உறையோ மஞ்சள் இணைப்பியோ உள்ள ஒயர்கள் பெரும்பாலும் ஏர்பேக்குக்கு உரியவை. அவற்றை ஒதுக்கக்கூட வேண்டாம். என்ஜின் அறைக்கும் உள்ளறைக்கும் இடையிலான தகட்டில் ஏற்கெனவே உள்ள ரப்பர் வளையத்தின் வழியே ஒயரை நுழையுங்கள். வெறும் தகட்டு ஓட்டையில் நுழைத்தால், அதிர்வில் உறை தேய்ந்து ஒரு நாள் ஷார்ட் ஆகிவிடும். ஸ்டீயரிங் தண்டு, பெடல் ஆகியவற்றின் பாதையில் ஒயர் தொங்காமல் கட்டிவிடுங்கள். எர்த் முனையைப் பெயிண்ட் சுரண்டிய உலோகத்தில் போல்ட்டால் இறுக்குங்கள்; விளக்கு மங்கலாக எரிகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த எர்த்தைத்தான்.

படி 5: சுவிட்சைப் பொருத்துங்கள்

பல கார்களில் வெற்று மூடி போட்ட சுவிட்ச் இடங்கள் இருக்கும். அதற்கேற்ற சுவிட்ச் கிடைத்தால் துளையே தேவையில்லை. துளையிட நேர்ந்தால், சுவிட்சின் உடல் நுழைய பேனலுக்குப் பின்னால் ஆழம் இருக்கிறதா என்று பார்த்து, மாஸ்கிங் டேப் ஒட்டி, அளவைவிடச் சற்றுச் சிறியதாகத் துளைத்து, பிறகு அரத்தால் தேய்த்துப் பெரிதாக்குங்கள்.

விளக்குள்ள சுவிட்சில் மூன்று முனைகள் இருக்கும்: மின்சாரம் வருவது, கருவிக்குப் போவது, சுவிட்சின் சொந்த விளக்குக்கான எர்த். முதல் முறை நான் கருவி முனையில் எர்த்தை மாட்டிவிட்டேன். சுவிட்சைத் தட்டியதும் மின்சாரம் நேராக எர்த்துக்குப் பாய்ந்து ஃபியூஸ் எரிந்தது. ஃபியூஸ் இல்லாதிருந்தால் எரிந்திருப்பது ஒயர். ஒயர் முனைகளை உரிய இடுக்கியால் கிரிம்ப் செய்து, அதாவது உலோக இணைப்பிக்குள் வைத்து அழுத்தி இறுக்கி, ஒவ்வொன்றையும் இழுத்துப் பாருங்கள். கையோடு வருவது அதிர்விலும் வரும்.

படி 6: மூடும் முன் சோதியுங்கள்

ஃபியூஸ்களைக் கடைசியில்தான் செருக வேண்டும். எல்லாம் சரியாக வேலை செய்தால், விளக்கை கால் மணி நேரம் எரியவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தொட்டுப் பாருங்கள். சுடுகிற இணைப்பு சரியாக அழுத்தப்படாதது. அதை வெட்டிவிட்டுப் புதிதாக கிரிம்ப் செய்யுங்கள். சாவியை எடுத்த பிறகு சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரியக் கூடாது; எரிந்தால், மூன்றாம் படியில் தேர்ந்தெடுத்த ஃபியூஸ் தவறானது. இவ்விரண்டிலும் தேறிய பிறகே பேனல்களை மாட்டுங்கள்.