வட்டமாக உட்காரவைத்தால் குழுவேலை ஆகிவிடாது

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபமோ தொண்டியோ, கடலோரப் பள்ளி எதற்குள் போனாலும் இன்று குழுச் செயல்பாடு உண்டு. 2007-08-இல் செயல்வழிக் கற்றல் தமிழ்நாடு முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்ததிலிருந்தே பிள்ளைகளுக்குத் தரையில் வட்டமாக உட்காரத் தெரியும். சிக்கல், உட்கார்ந்த பிறகு நடப்பதில்தான்.

ஒருவரே முடித்துவிடக்கூடிய வேலையை ஐந்து பேருக்குக் கொடுப்பதுதான் பெரிய தவறு. ஒரு சார்ட் பேப்பர், ஒரு ஸ்கெட்ச் பேனா. கையெழுத்து அழகான பிள்ளை எழுதும், மற்ற நாலும் வேடிக்கை பார்க்கும். அவர்களைத் திட்டிப் பயனில்லை. மாக்ஸ் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சுக்காரர் ஆட்களைக் கயிறு இழுக்கவைத்துப் பார்த்து 1913-லேயே எழுதிவிட்டார்: ஆள் கூடக்கூட ஒவ்வொருவரும் போடும் பலம் குறைகிறது. கரைவலை இழுக்கும் ஊரில் இதை விளக்கவே வேண்டாம்.

இதற்கு 1971-இல் எலியட் ஆரன்சன் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் கொண்டுவந்த ஜிக்சா முறை உதவும். மன்னார் வளைகுடா பற்றிய பாடம் என்று வையுங்கள். குழுவில் ஒருவருக்குப் பவளப்பாறை, ஒருவருக்குக் கடற்புல், ஒருவருக்கு 1986-இல் 21 தீவுகளோடு அறிவிக்கப்பட்ட தேசியப் பூங்கா, ஒருவருக்குக் கடல்பாசி எடுக்கும் பெண்களின் பிழைப்பு. எல்லாக் குழுக்களிலும் ஒரே தலைப்பு கிடைத்தவர்கள் முதலில் ஒன்றாகக் கூடிப் பேசித் தெளிய வேண்டும். அப்புறம் தன் குழுவுக்குத் திரும்பிச் சொல்லித்தர வேண்டும். ஒரு பிள்ளை வாய் திறக்காவிட்டால் மற்ற மூவருக்கும் அந்தப் பகுதி கிடைக்காது. அதனால் அதைப் பேசவைக்க அவர்களே பாடுபடுவார்கள். (பாசி எடுக்கும் வீட்டுப் பிள்ளைக்கே அந்தத் தலைப்பைத் தராதீர்கள். பூங்காவா பிழைப்பா என்ற பேச்சு வந்தால் வகுப்பில் தன் அம்மாவுக்காக வாதாடும் நிலை குழந்தைக்கு எதற்கு?)

முதல் மாணவனையே எப்போதும் தலைவனாக்குவதும் வேண்டாம். வாடை, கச்சான் என்று கடலில் வீசும் காற்றுகள் பற்றிய கேள்வி என்றால், மீனவர் வீட்டுக் கடைசி வரிசைப் பையன் அவனைவிட நன்றாகச் சொல்லக்கூடும்.

எடுத்த எடுப்பில் "எல்லாரும் பேசுங்க" என்பதும் சரியில்லை. 1958-இல் யேல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், சேர்ந்து யோசித்த நால்வரைவிடத் தனித்தனியே யோசித்த நால்வரின் பட்டியலைக் கூட்டியபோது யோசனைகள் அதிகமாக இருந்தன. ஆகவே இரண்டு நிமிடம் தனியாக எழுதட்டும், பிறகு பேசட்டும்.

படைப்பாற்றல் என்றவுடன் தெர்மாகோல் பாம்பன் பாலம் வந்துவிடுகிறது. பாதி அப்பா செய்தது, மீதி கடையில் வாங்கியது. அதற்குப் பதில் ஒரு கேள்வி கேளுங்கள்: 1914-இல் திறந்த பழைய பாலம் கப்பலுக்கு வழிவிட இரண்டு இறக்கையாகத் திறந்தது; 2025-இல் திறந்த புதியதில் 72.5 மீட்டர் நீளப் பகுதி 17 மீட்டர் வரை நேராக மேலே போகிறது. எது சுலபம், ஏன்? ஐஸ் குச்சியும் நூலும் கொடுத்தால் போதும். முதல் மாதிரி சரியட்டும், இரண்டாவது செய்ய நேரம் ஒதுக்குங்கள்.

மதிப்பெண்ணைக் குழுவுக்கு மொத்தமாகப் போடாதீர்கள். வேலை சேர்ந்து, கேள்வி தனித்தனியாக. அடுத்தவர் சொல்லித்தந்த பகுதியிலிருந்து கேட்டால் இன்னும் நல்லது.